முதல் ஸ்கேன் சொன்ன பிரசவ தேதியை மாற்றாதீர்கள்

வாசகி ஒருவரின் கேள்விக்கு மகப்பேறு மருத்துவரின் பதில். அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதியிருக்கிறார் 26 வயதுப் பெண் ஒருவர். தலைப்பிரசவம். கணவர் ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியன். ஜனவரி 20 அன்று விடுப்பில் வந்து, மார்ச் 5 அன்று திரும்பிப் போயிருக்கிறார். இவருக்குக் கடைசியாக மாதவிடாய் வந்தது ஜனவரி 2. மார்ச் 11 அன்று பக்கத்து டவுனில் முதல் ஸ்கேன் எடுத்தார்கள். '8 வாரம் 0 நாள்' என்று ரிப்போர்ட் வந்தது. "எம் மவன் வந்தே ஏழு வாரந்தான் ஆவுது, வயித்துல எப்படி எட்டு வாரப் புள்ள?" என்று காலண்டரை எடுத்து நாள் எண்ணியிருக்கிறார் மாமியார். அன்று போன நிம்மதி இன்னும் திரும்பவில்லை என்கிறார் வாசகி.

ஐந்தாம் மாத ஸ்கேனில் சிக்கல் ஒன்றும் இல்லை. ஜூன் 5 அன்று '20 வாரம்' என்று வந்திருக்கிறது. ஆனால் ஆகஸ்ட் 26 அன்று வேறொரு சென்டரில் எடுத்த ஸ்கேனில் 29 வாரம் 4 நாள், எடை 1,340 கிராம், பிரசவ தேதி நவம்பர் 7 என்று வந்தது. "நாள் கணக்குத் தப்பா இருக்கும்மா, தேதியைத் தள்ளிப் போட்டுக்கலாம்" என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது இவர் கையில் மூன்று தேதிகள். ஆரம்ப சுகாதார நிலையத்து அட்டையில் அக்டோபர் 9, முதல் ஸ்கேனில் அக்டோபர் 21, கடைசி ஸ்கேனில் நவம்பர் 7. மூன்றையும் படம் பிடித்துக் கணவருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்ப, "எதுதான் உண்மை?" என்று அவர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறார் இந்தப் பெண். மதுரைக்குப் போய்ப் பெரிய மெஷினில் ஒரு ஸ்கேன் எடுத்தால் சரியான தேதி தெரியுமா என்பது அவருடைய கேள்வி. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், ஹீமோகுளோபின் 9.2 என்றும் சாயங்காலமானால் கால் வீங்குகிறது என்றும் ஒரு வரி இருக்கிறது.

சகோதரி, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே சுருக்கமாக ஒரு பதில் அனுப்பினேன். தாமதிக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குப் போய், குழந்தைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள், பிபியும் சிறுநீரில் புரதமும் பாருங்கள் என்று எழுதியிருந்தேன். அதை ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னேன் என்பதையும், உங்கள் வீட்டில் எண்ணப்படும் கணக்கு எந்த இடத்தில் தப்பாகிறது என்பதையும் இங்கே விரிவாகச் சொல்கிறேன். உங்களைப் போலவே மூன்று தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் பதில். உங்கள் பிரசவ தேதி அக்டோபர் 21. அது மாறாது, மாற்றவும் கூடாது. உங்கள் குழந்தை கருவானது ஜனவரி 28-ஐ ஒட்டிய நாட்களில், அதாவது உங்கள் கணவர் வந்து ஒரு வாரம் கழித்து. ஆகஸ்ட் 26 ஸ்கேன் உங்கள் தேதியைப் பற்றி எதையும் சொல்லவில்லை. குழந்தையின் வளர்ச்சி பின்தங்குகிறதோ என்று அது கேட்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் அதுதான். ஆறு மாதமாக மற்றதற்கெல்லாம் கவலைப்பட வைத்துவிட்டார்கள்.

கர்ப்ப வாரம் எங்கிருந்து எண்ணப்படுகிறது

உங்கள் மாமியார் செய்த கணக்கு தப்பு என்றாலும், அந்தத் தப்பு அவருடையது மட்டும் அல்ல. 'எட்டு வாரம்' என்றால் கரு உண்டாகி எட்டு வாரம் என்றுதான் யாருக்கும் தோன்றும். மருத்துவத்தில் கணக்கு அப்படி இல்லை. கரு உண்டான நாள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. மாதவிடாய் வந்த நாள் தெரியும். அதனால் கடைசி மாதவிடாயின் முதல் நாளையே கர்ப்பத்தின் முதல் நாளாக வைத்து எண்ணுவது வழக்கம். அந்த நாளிலிருந்து 280-ஆவது நாள், அதாவது 40 வாரம் முடியும் நாள், பிரசவ தேதி. 28 நாள் மாதமாகப் பத்து மாதம்.

28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும் பெண்ணுக்குக் கருமுட்டை வெளிவருவது ஏறத்தாழ 14-ஆம் நாள். ஆகவே கர்ப்பத்தின் முதல் இரண்டு வாரங்களில் வயிற்றில் குழந்தையே கிடையாது. எட்டு வாரக் கர்ப்பம் என்று ரிப்போர்ட்டில் இருந்தால் கரு உண்டாகி ஆறு வாரம் என்று பொருள். ஸ்கேன் மெஷினில் இருக்கும் அட்டவணைகளும் இந்த இரண்டு வாரத்தைச் சேர்த்தே போடப்பட்டவை.

இதை உங்கள் விஷயத்தில் வைத்துப் பாருங்கள். மார்ச் 11 அன்று 8 வாரம். அதில் இரண்டு வாரத்தைக் கழித்தால் ஆறு வாரம். மார்ச் 11-லிருந்து ஆறு வாரம் பின்னால் போனால் ஜனவரி 28. ஜனவரி 20 அன்று உங்கள் கணவர் வீட்டில் இருக்கிறார். கணக்கு அப்பழுக்கில்லாமல் நேராகிறது. மாமியாரிடம் பேசும்போது ஏழு, எட்டு என்று வாரத்தை எண்ண வேண்டாம். காலண்டரை அவர் கையிலேயே கொடுத்து, "ரிப்போர்ட் சொல்லும் எட்டு வாரத்தில் இரண்டைக் கழித்துவிட்டு எண்ணுங்கள் அத்தை" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்வது சங்கடமாக இருந்தால் கிராம சுகாதார செவிலியரைச் சொல்லச் சொல்லுங்கள். இந்தக் கேள்வி அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

அக்டோபர் 9 எப்படி வந்தது

அட்டையில் இருக்கும் அக்டோபர் 9, ஜனவரி 2 என்ற மாதவிடாய்த் தேதியோடு 280 நாளைக் கூட்டி எழுதியது. பதிவு செய்யும்போது அப்படித்தான் எழுத முடியும். ஆனால் உங்களுக்கு மாதவிடாய் 40 நாளுக்கு ஒருமுறைதான் வரும் என்று கடிதத்தின் நடுவில் எழுதியிருக்கிறீர்கள். கருமுட்டை வெளிவருவதற்கும் அடுத்த மாதவிடாய்க்கும் இடையில் ஏறத்தாழ 14 நாள் இருக்கும். உங்கள் 40 நாள் சுழற்சியில் அது 26-ஆம் நாளை ஒட்டி வரும். ஜனவரி 2 முதல் நாள் என்றால் 26-ஆம் நாள் ஜனவரி 27. ஸ்கேன் கணக்கு ஜனவரி 28 என்கிறது. இரண்டும் வேறு வேறு வழியில் கிளம்பி ஒரே இடத்துக்கு வந்து சேருகின்றன.

மாதவிடாய்த் தேதிக்கும் முதல் ஸ்கேனுக்கும் ஓரிரு நாள் வித்தியாசம் இருந்தால் நாங்கள் மாதவிடாய்த் தேதியையே வைத்துக்கொள்வோம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, மாதவிடாய்க் கணக்கில் 9 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை உள்ள பெண்ணுக்கு வித்தியாசம் 7 நாளைத் தாண்டினால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும். மார்ச் 11 அன்று மாதவிடாய்க் கணக்கில் உங்களுக்கு 9 வாரம் 5 நாள். ஸ்கேனில் 8 வாரம். வித்தியாசம் 12 நாள். அன்றைக்கே அட்டையில் பழைய தேதியைக் கோடு போட்டு அடித்து, 'முதல் ஸ்கேன்படி அக்டோபர் 21' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. அடுத்த முறை போகும்போது நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள்.

முதல் ஸ்கேனை ஏன் இவ்வளவு நம்புகிறேன்

உங்கள் மார்ச் மாத ரிப்போர்ட்டில் 'சி.ஆர்.எல். 16 மி.மீ.' என்று ஒரு வரி இருக்கிறது. மொத்தக் கர்ப்பத்திலும் எனக்கு மிக முக்கியமான வரி அதுதான். சி.ஆர்.எல். என்பது குழந்தையின் உச்சந்தலையிலிருந்து புட்டம் வரை உள்ள நீளம். திரையில் குழந்தை பக்கவாட்டில் முழு நீளத்துக்குத் தெரியும்போது படத்தை அப்படியே நிறுத்தி, தலை உச்சியில் ஒரு குறி, புட்டத்தின் அடியில் ஒரு குறி வைப்பார்கள். மெஷின் இடைப்பட்ட தூரத்தைச் சொல்லும். குழந்தை ரொம்பச் சுருண்டிருந்தால் அளவு குறையும், தலையைப் பின்னுக்கு நீட்டியிருந்தால் கூடும். அதனால் நிதானமாகச் செய்பவர்கள் இரண்டு மூன்று தடவை அளந்து பார்ப்பார்கள். அந்தக் கட்டத்தில் குழந்தை நாளுக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளர்கிறது. அளப்பதில் இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் வயதில் இரண்டு நாள்தான் பிசகும்.

இந்த முறையை வகுத்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கப் பயன்பட்ட ஒலி அலைக் கருவியைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துப் பார்க்கலாம் என்று 1958-இல் கட்டுரை எழுதிய டாக்டர் இயன் டொனால்டு அங்கேதான் வேலை பார்த்தார். அவர் வழியில் வந்த ஹியூ ராபின்சன் 1973-இல் சி.ஆர்.எல். அளவை வைத்து வயது சொல்லும் முறையை வெளியிட்டார். ஐம்பது ஆண்டு கழித்தும் அதைவிட நம்பகமான அளவு வரவில்லை.

காரணம் மெஷினில் இல்லை, குழந்தைகளிடம் இருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. அம்மா உயரமோ குட்டையோ, சத்தாகச் சாப்பிட்டாளோ வாந்தியில் படுத்துக் கிடந்தாளோ, எட்டு வாரக் குழந்தை 16 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதனால் அந்த நேரத்தில் அளவு என்றாலே வயதுதான். பிழை இருந்தால் முன்பின் 5 முதல் 7 நாள். பிறகு ஒவ்வொரு குழந்தையும் தன் பெற்றோரின் உடல்வாகு, நஞ்சுக்கொடியின் பலம், அம்மாவின் உடல்நிலை ஆகியவற்றுக்கு ஏற்ப வேறு வேறு வேகத்தில் போகத் தொடங்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, உயரத்தைப் பார்த்தே பிறந்த தேதியைச் சொல் என்றால் யாரால் சொல்ல முடியும்? ஏழாம் மாதத்துக்கு மேல் ஸ்கேனில் வயது பார்ப்பது அப்படிப்பட்ட வேலை. ஐந்தாம் மாதம் வரை 7 முதல் 10 நாளுக்குள் இருக்கும் பிழை, 28 வாரத்துக்குப் பிறகு முன்பின் மூன்று நான்கு வாரம்வரை போகும்.

ஆகவே புதிய ஸ்கேன், பெரிய மெஷின், நிறையப் பணம் என்றால் அதன் தேதிதான் சரியாக இருக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். தேதி விஷயத்தில் பழைய ஸ்கேனுக்குத்தான் மதிப்பு அதிகம். மதுரை என்ன, சென்னைக்கே போனாலும் 32 வாரத்தில் எடுக்கும் எந்த ஸ்கேனாலும் மார்ச் 11 சொன்னதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. அந்த ரிப்போர்ட்டையும் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். ஸ்கேன் படத்தாளில் எழுத்து நாளாக நாளாக மங்கிவிடும். இன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

ஆகஸ்ட் 26 ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

இரண்டாம், மூன்றாம் பருவத்தில் நான்கு அளவு எடுக்கிறார்கள். தலையின் குறுக்களவு பி.பி.டி., தலைச் சுற்றளவு எச்.சி., வயிற்றுச் சுற்றளவு ஏ.சி., தொடை எலும்பின் நீளம் எஃப்.எல். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இத்தனை வாரம்' என்று மெஷின் அச்சிடும். இதற்குப் பெரும்பாலான மெஷின்களில் இருப்பது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டாக்டர் ஹாட்லாக் 1984-இல் வெளியிட்ட அட்டவணை. நான்கையும் கூட்டிச் சராசரி பார்த்து, அதிலிருந்து ஒரு பிரசவ தேதியையும் மெஷின் தானாகவே போட்டுவிடும். உங்கள் நவம்பர் 7 அப்படி வந்த தேதி. எந்த மருத்துவரும் உட்கார்ந்து யோசித்து எழுதியது கிடையாது.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் சராசரியை விட்டுவிட்டு, நான்கு வரிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். பி.பி.டி. 30 வாரம் 2 நாள். எச்.சி. 30 வாரம் 3 நாள். எஃப்.எல். 30 வாரம். ஏ.சி. மட்டும் 27 வாரம் 6 நாள். அக்டோபர் 21 கணக்குப்படி அன்று உங்களுக்குச் சரியாக 32 வாரம். தலையும் எலும்பும் இரண்டு வாரம் பின்தங்கியிருக்க, வயிறு நான்கு வாரம் பின்தங்கியிருக்கிறது. உண்மையிலேயே தேதி தப்பாக இருந்தால் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பின்தங்கியிருக்க வேண்டும். வயிறு மட்டும் அதிகமாகச் சிறுத்திருப்பது வேறு கதை சொல்கிறது. நஞ்சுக்கொடி வழியாக வரும் சத்து குறையும்போது, குழந்தை இருக்கிற ரத்தத்தை முதலில் மூளைக்கு அனுப்பும். ஈரலில் சேமிப்பு குறையும், தோலுக்கு அடியில் கொழுப்புச் சேராது. ஏ.சி. என்பது பெரும்பாலும் ஈரலைச் சுற்றி எடுக்கும் அளவு. அதனால் பட்டினி முதலில் தெரிவது அங்கேதான்.

ஜூன் 5 ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று உங்கள் கணக்கு 20 வாரம் 2 நாள், அளவு சொன்னது 20 வாரம். அந்த இரண்டு நாளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஐந்தாம் மாதம் வரை குழந்தை சரியாக வளர்ந்திருக்கிறது, அக்டோபர் 21-க்கும் அது இரண்டாவது சாட்சி. ஜூன் 5-லிருந்து ஆகஸ்ட் 26 வரை காலண்டர் 11 வாரம் 5 நாள் நகர்ந்தது. குழந்தையின் அளவு நகர்ந்தது 9 வாரம் 4 நாள்தான். இந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதைத்தான் இப்போது கண்டுபிடிக்க வேண்டும்.

எடையும் அப்படியே. 1,340 கிராம் என்பது 29 வாரம் 4 நாள் குழந்தைக்குச் சாதாரண எடை. பிரசவ தேதியை நவம்பர் 7 என்று மாற்றிவிட்டால் ரிப்போர்ட்டில் 'வளர்ச்சி நார்மல்' என்று வந்துவிடும். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவீர்கள். அதே 1,340 கிராம் 32 வாரத்துக்கு ரொம்பக் குறைவு. அந்த வயதுள்ள நூறு குழந்தைகளை எடை வரிசையில் வைத்தால் கடைசி மூன்றில் ஒன்றாக வரும். ஸ்கேன் சொல்லும் எடையில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து கூடக் குறைய இருக்கலாம் என்பது உண்மை. அதற்காக இதை அலட்சியப்படுத்த முடியாது. தேதியைத் தள்ளிப் போட்டதால் வளர்ச்சி குன்றிய குழந்தையின் ஆபத்து யார் கண்ணிலும் படாமல் போவதுதான் எனக்குப் பெரிய பயம். எனக்கு இந்தப் பதிலை எழுதத் தோன்றியதே அதனால்தான்.

"நம்ம ஊர்ப் பிள்ளைங்க சின்னதாத்தான் இருக்கும், வெள்ளைக்காரி சார்ட்டோட ஒப்பிடலாமா?" என்று யாராவது சமாதானம் சொல்லலாம். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஹாட்லாக் அட்டவணை அமெரிக்கப் பெண்களை வைத்துப் போட்டது. நம் நாட்டுக்கென்றே 'கர்ப்பிணி-ஜி.ஏ.2' என்ற கணக்கு முறையை சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரிதாபாத்தில் உள்ள டி.எச்.எஸ்.டி.ஐ. ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2024-இல் கொண்டுவந்தன. ஆரம்பத்தில் ஸ்கேனே எடுக்காமல் தாமதமாக வரும் பெண்களுக்கு வயதைக் கணிக்க அது உதவும். உங்களுக்கு அது தேவைப்படவில்லை, உங்களிடம் முதல் ஸ்கேன் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாக்பூர் உட்பட எட்டு நாடுகளின் நகரங்களில், நல்ல ஊட்டமும் ஆரோக்கியமும் உள்ள தாய்மார்களை வைத்து நடந்த 'இன்டர்க்ரோத்' ஆய்வு 2014-இல் வெளிவந்தது. தாய்க்குக் குறையொன்றும் இல்லாதபோது அந்த நாடுகளின் குழந்தைகள் வயிற்றில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தன. 'நம்ம ஊர் அளவு' என்று சொல்லி ரத்தசோகையை மறைத்துவிடக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியவை

டாப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடி ரத்தக்குழாயிலும் குழந்தையின் மூளை ரத்தக்குழாயிலும் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். ஓட்டம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் வாராவாரம் கண்காணித்துக் காத்திருக்கலாம். குறைந்திருந்தால் மருத்துவமனையிலேயே தங்கச் சொல்லலாம். 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகும் போலிருந்தால் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஊசி போடுவார்கள். பயப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். வளர்ச்சி ஸ்கேனை மறுபடி எடுக்க இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். மூன்று நாளில் இன்னொரு சென்டரில் எடுத்தால் அளப்பவரின் கை வித்தியாசம் தெரியுமே தவிர, குழந்தையின் வளர்ச்சி தெரியாது. முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள்.

கால் வீக்கம் கர்ப்பத்தில் சாதாரணம் என்று எல்லோரும் சொல்வார்கள், பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் வளர்ச்சி குறைந்த குழந்தையும் கால் வீக்கமும் சேர்ந்து வந்தால் ரத்த அழுத்தம் பார்க்காமல் விடக் கூடாது. 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவமனை. ஹீமோகுளோபின் 9.2 என்பது ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மாத்திரைக்கும் நிறத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மலம்தான் கறுப்பாகப் போகும், அது இயல்பு. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துவரவில்லை என்றால் ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்ற அரசு மருத்துவமனையில் வசதி உண்டு. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் போடுங்கள், டீ காபியோடு வேண்டாம். குழந்தை சின்னதாக இருந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று சாப்பாட்டைக் குறைத்திருந்தால் அதையும் இன்றோடு நிறுத்துங்கள். வளர்ச்சி குன்றிய குழந்தை பிரசவ வலியைத் தாங்க முடியாமல் திணறுவதால் ஆபரேஷன் செய்ய வேண்டி வருவதும் உண்டு.

குழந்தையின் அசைவைத் தினமும் கவனியுங்கள். சாப்பிட்டபின் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். வழக்கத்தைவிடக் குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, உதிரப்போக்கு, நீர் உடைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

தேதி எங்கெல்லாம் கை வைக்கும் என்று பாருங்கள். உங்கள் குழந்தையைப் போல் எடை மிகக் குறைந்த குழந்தைக்கு டாப்ளர் நன்றாக இருந்தாலும் 37 வாரத்தை ஒட்டிப் பிரசவம் பார்ப்பதே நல்லது என்பது பொதுவான நடைமுறை. அக்டோபர் 21 கணக்கில் 37 வாரம் என்பது செப்டம்பர் 30. அட்டையில் உள்ள அக்டோபர் 9-ஐ நம்பினால் செப்டம்பர் 18 அன்றே, உண்மையில் 35 வாரம் 2 நாளில், குறைமாதமாக எடுத்துவிடுவார்கள். நவம்பர் 7-ஐ நம்பினால் அக்டோபர் 17 வரை காத்திருக்க வைப்பார்கள். சத்து போதாத ஒரு குழந்தைக்கு அந்தக் கூடுதல் நாட்கள் தாங்காமல் போகலாம். எடைக் குறைவே தெரியாமல் நவம்பர் 7 வரை வலிக்காகக் காத்திருந்தால் அது 42 வாரம் 3 நாள். அதனால் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் மார்ச் 11 ரிப்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

உங்கள் வீட்டைப் பற்றி

கர்ப்ப ஸ்கேன், குழந்தையின் தகப்பன் யார் என்று சொல்லும் பரிசோதனை அல்ல. ஒரு வார அளவுக்குப் பிழை இருக்கக்கூடிய அளவை வைத்து ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை எடை போட யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் விஷயத்தில் கணக்கு உங்கள் பக்கம் சுத்தமாக நிற்கிறது. ஆனால் ஓரிரு நாள் முன்பின் வந்திருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். சட்டமும் உங்களோடு இருக்கிறது. திருமண உறவு நீடிக்கும்போது பிறக்கும் குழந்தை அந்தக் கணவனுடையதே என்பது பாரதிய சாட்சிய அதிநியம் 2023-இன் 116-ஆம் பிரிவு. கரு உண்டாகக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் சேரவே வாய்ப்பில்லை என்று நிரூபித்தால்தான் அது மாறும். சந்தேகப் பேச்சு தொடர்ந்து, சாப்பாடோ மருத்துவமனையோ தடைபடும் அளவுக்குப் போனால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசலாம். அதற்கு முன், சில வாரம் அம்மா வீட்டில் இருக்க முடியுமானால் இருங்கள். தூங்காத இரவுகள் உங்களுக்கும் நல்லதல்ல, ரத்த அழுத்தத்துக்கும் நல்லதல்ல.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. இந்தப் பதிலை அப்படியே அவருக்கு அனுப்புங்கள். தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அக்டோபர் 21. அது நீங்கள் ஊரில் இருந்தபோது உண்டான கர்ப்பம் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அங்கிருந்தே உங்கள் அம்மாவுக்குப் போன் செய்து, நீங்களே இதை உங்கள் வாயால் சொல்லுங்கள். உங்கள் மனைவி நூறு தடவை சொல்வதைவிட நீங்கள் ஒரு தடவை சொல்வது அந்த வீட்டில் எடுபடும். தினமும் கூப்பிட்டு, மாத்திரை போட்டாயா, குழந்தை அசைந்ததா என்று கேளுங்கள்.

சகோதரி, உங்கள் கணவர் ஊருக்கு வர டிக்கெட் எப்போது போடலாம் என்றும் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். குறித்த தேதியிலேயே பிரசவம் ஆவது நூற்றில் நான்கைந்து பேருக்குத்தான். உங்களுக்கு அதற்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிய வாய்ப்புதான் அதிகம். ஆகவே அக்டோபர் 21-ஐ மனதில் வைத்து அவர் விடுப்புக் கேட்க வேண்டாம். செப்டம்பர் 25-ஐ ஒட்டி வந்து சேருமாறு இப்போதே கம்பெனியில் சொல்லி வைக்கட்டும். டாப்ளர் ரிப்போர்ட் வந்ததும், அரசு மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவரிடம் பிரசவத்துக்கு எந்த வாரத்தை உத்தேசிக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாகப் பார்த்து எடுக்கட்டும்.